சத்தம் போடாத கதவு

ராத்திரி கேட்ட சத்தமா? அது நான்தான் மேடம். கதவுக்குப் பின்னால எவர்சில்வர் தட்டு அடுக்கி வெச்சிருந்தேன். பாப்பா புரண்டு காலால தள்ளிட்டா. பக்கத்து ரூம்ல நீங்க அலறி எழுந்தீங்கன்னு இந்த இல்லத்தப் பாத்துக்கிற சிஸ்டர் பெனடிக்டா சொன்னாங்க. மன்னிச்சுக்கோங்க.

கட்டில்லயே உக்காருங்க. அதுல யாரும் படுக்கிறதில்ல, நானும் அவளும் கதவ ஒட்டித் தரையிலதான்.

தட்டு எதுக்கா? இந்தக் கதவு சத்தமே போடாதே. பழைய கதவத் திறந்தா கங்கனாடி மார்க்கெட் வரைக்கும் கேக்கும்னு, இங்க ரொம்ப நாளா இருக்கிற ஹிலாரியா ஆன்ட்டி சொல்லுவாங்க. இந்த எடத்தப் புதுசாக் கட்டித்தர உங்க ஆபீஸ்லேர்ந்து நீங்கல்லாம் வந்து, எங்களுக்கு என்ன பயம்னு மஞ்சச் சீட்டுல எழுதிச் சுவத்துல ஒட்டச் சொன்னீங்களாமே. கதவு படார்னு அடிச்சா ஒடம்பு நடுங்குதுன்னு ஆன்ட்டிதான் ஒட்டினாங்களாம். ஒடனே சத்தமில்லாத கீலு மாட்டிட்டீங்க. தப்பு சொல்லல. ஆனா யாரோ வர்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

உள்தாழ்ப்பாளும் கிடையாது. யாராச்சும் உள்ள பூட்டிக்கிட்டு ஏதாவது பண்ணிக்கிட்டா என்ன செய்யறதுன்னு எடுத்துட்டீங்களாம். அதுவும் அக்கறைதான்.

ஆமா, பாத்தேன். நேத்துப் பூரா மணல் நெரப்பின பொம்மையக் கொழந்த மாதிரி இடுப்புல வெச்சுக்கிட்டு நடந்தீங்க. கனம் சரியாத்தான் இருந்துச்சு. அது ராத்திரி அழுதா வாயப் பொத்தணுமேன்னு பயம் உங்களுக்கு இல்ல, அவ்வளவுதான். எங்கள மாதிரியே ஒரு ராத்திரி இருந்து பாக்கணும்னு படுத்தீங்களே, எப்படி இருந்துச்சு?

தட்டு விழற வரைக்கும் நல்லாத் தூங்கினீங்களா. சரி.

ஐயோ, அழாதீங்க மேடம். அழறவங்களப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், அடுத்தவங்க கஷ்டத்தக் கேட்டா பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துடும். அப்படிப்பட்டவர விட்டு வந்துட்டியேன்னு எங்கம்மாவே கேட்டாங்க. கான்வென்ட்ல படிக்க வெச்சது இதுக்கான்னு.

எங்கள மாதிரி வீட்ட விட்டு ஓடி வந்தவங்க இருக்கிற இந்த எடம் யாருக்கும் தெரியாதுன்னு சிஸ்டர் சொல்றாங்க. வெளிய போர்டுகூட இல்ல, நெஜந்தான். கட்டினவங்களுக்குத் தெரியும்ல? எந்த ரூம் எங்க, எந்தக் கதவு எப்படின்னு.

நேத்து கஞ்சி குடிக்கும்போது உங்க ஆபீஸ் பெரிய சார் பேரு மெல்ராய்னு சொன்னீங்க. வந்த அன்னிக்கே கீலப் பாத்ததும் எனக்குச் சந்தேகம். எங்க வீட்லயும் இதேதான். பாப்பா தூக்கம் கெடக் கூடாதுன்னு அவரே மாட்டினாரு. உங்க சார் பொண்ணுதான் இவ.

இல்ல, சிஸ்டர்கிட்ட சொல்லல. சொன்னா வேற எங்க அனுப்புவாங்க?

அவருக்குப் போன் பண்ணிக் கேக்காதீங்க மேடம், கும்புடுறேன். என்னப் பாத்தேன்னே சொல்லாதீங்க.

பையில என்ன தேடுறீங்க? ஓ, கடைக்காரன் மாதிரிக்குக் குடுத்த தாழ்ப்பாளா? பித்தளையா? கனமாத்தான் இருக்கு. சிஸ்டர் கேட்டா? நீங்க பேசிக்கிறீங்களா... சரி. ஸ்க்ரூ டிரைவர இங்க குடுங்க, நீங்க தாழ்ப்பாளப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் மேல.

இன்னொரு சுத்து. போதும்.

இப்ப நீங்க வெளிய போய் நின்னு ஒருதடவ தள்ளிப் பாருங்க. கையால இல்ல, தோளக் குடுத்து. அவரு அப்படித்தான் தள்ளுவாரு.

ம், போட்டுட்டேன். தள்ளுங்க.