கலிச்சா காய்ச்சிய களிம்பு

சல்கின்: போதும்க்கா. தோள்பட்டை கழண்டு கொப்பரைக்குள்ளயே விழுந்துரும் போல இருக்கு.

கலிச்சா: கிண்டுடி. இப்ப நிறுத்தினா கொழுப்பு மேல, சாம்பல் தண்ணி கீழன்னு பிரிஞ்சு நிக்கும். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து அழணும்.

சல்கின்: ஓரகத்திகிட்ட இப்படி வேலை வாங்கணும்னு எங்கக்கா கத்துக்கிட்ட?

கலிச்சா: நம்ம மாமியார் இன்னொரு மகனைப் பெத்திருந்தா உனக்குக் கீழயும் ஒருத்தி வந்திருப்பா. நீதான் கடைசி. உன் தலையெழுத்து, கிண்டு.

சல்கின்: துணி சுத்தின கையோட துடுப்பு நழுவுதுக்கா...

கலிச்சா: அக்குள்ல இடுக்கிக்கோ. அடுப்புல இன்னும் ரெண்டு வரட்டி போடறேன். ஆங்... இப்ப பாரு, கரகரன்னு இருந்தது களி மாதிரி வருது. ஒரு துளி எடுத்து நாக்குல வை.

சல்கின்: நான் மாட்டேன். போன தடவை நாக்கு வெந்தது போதும்.

கலிச்சா: சுரீர்னு இழுத்தாத்தானே காரம் மிச்சம் இருக்குன்னு தெரியும்? நாலு பிள்ளை பெத்தவ, சோப்புக்குப் பயப்படறா... ம்... இன்னும் கொஞ்சம் இழுக்குது. வேகட்டும்.

சல்கின்: கடையில வாசனை சோப்பு ரோஜாப்பூ படத்தோட விக்குது. நம்ம பொண்ணு மீரிம் புகுந்த வீட்டுக்குக் கறுப்புச் சோப்பு கொண்டுபோனா சிரிக்கப் போறாங்க.

கலிச்சா: சிரிக்கட்டும். அவங்க ஊர் அத்பாஷி குளிர்ல முகம் வெடிச்சதும் மாமியார்காரியே வந்து அவகிட்டக் கெஞ்சி வாங்குவா. நீ மட்டும் பிஷ்கேக் ஹோட்டல்ல சலவைத் தூள்ல கையை விட்டுட்டு வந்தியே, யார் கெஞ்சினா?

சல்கின்: நான்தான். ஒத்துக்கறேன்.

கலிச்சா: ரத்தம் சொட்டச் சொட்ட வந்து நின்ன. கோப்பையைக்கூடப் பிடிக்க முடியல. நான்தானே டீ ஊட்டி விட்டேன்?

சல்கின்: ஊட்டின. சூடு ஆறாம ஊட்டி வாயையும் வேக வச்ச.

கலிச்சா: நன்றி கெட்டவளே! சரி, இங்க பாரு. இந்தச் சின்னச் சட்டியில உன் களிம்பு. செம்மறி வால்கொழுப்பு, தேன்மெழுகு, ஆத்தங்கரை முள்ளுப்பழ எண்ணெய். இன்னிக்கு எண்ணெய் தாராளமா விட்டிருக்கேன். இன்னிக்குச் சாயங்காலமும் தேய்ச்சுட்டா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கை...

சல்கின்: அக்கா, திரும்பவும் ஆரம்பிக்காத.

கலிச்சா: ஆரம்பிப்பேன். நாளைக்குச் சம்பந்திங்க வராங்க. சம்பந்தம் உறுதியாக, ஈரலும் வால்கொழுப்பும் அவங்க வாயில நீதான் ஊட்டணும்.

சல்கின்: நீ ஊட்டு.

கலிச்சா: நீ.

சல்கின்: இந்தக் கையாலயா? காத்து பட்டாலே தோல் வெடிச்சுருதுக்கா. ஊட்டறப்போ ரத்தம் கசிஞ்சா? மாப்பிள்ளையோட பெரியப்பா அங்கேயே துப்பிடுவாரு. சம்பந்தம் முறிஞ்சுரும்.

கலிச்சா: வெடிப்பு ஒண்ணும் தெரியலையே? நேத்துத் தேய்க்கறப்போ பாத்தேனே.

சல்கின்: மேல தெரியாது. உள்ள எரியுது. அனுபவிக்கறவளுக்குத்தான் தெரியும்.

கலிச்சா: உள்ள எரியுது...

சல்கின்: ஆமா. தீ மாதிரி.

கலிச்சா: அப்போ கரண்டியால ஊட்டறியா?

சல்கின்: கரண்டியால ஊட்டினா அது சம்பந்தமா, ஆஸ்பத்திரியா? வெறுங்கையால ஊட்டணும். அதான் சொல்றேன், நீ ஊட்டு. உன் கை சுத்தம்.

கலிச்சா: என் களிம்புல செம்மறியோட வெடிச்ச மடியே ஆறுது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொறி போச்சு. உன் கை மட்டும் குளிர்காலம் முடிஞ்சும் ஆற மாட்டேங்குது. எனக்கே என் கைமேல சந்தேகம் வந்துருச்சுடி.

சல்கின்: அப்படிச் சொல்லாதக்கா. உன் களிம்பு நல்ல களிம்பு. என் தோல்தான் மோசம்.

கலிச்சா: நகரு... அந்தச் சொம்பை எடுக்கணும். கொதி ஏறுது, கொஞ்சம் விடணும்... அடடா! தெறிச்சுருச்சே! உன் துணி மேலயா?

சல்கின்: பரவாயில்லக்கா, நனைஞ்சுருச்சு, அவ்வளவுதான். நீ உன் பாவாடையைப் பாரு.

கலிச்சா: நல்லா ஊறிருச்சா?

சல்கின்: விரல் வரைக்கும் ஊறிருச்சு. விடு, காஞ்சுரும். கிண்டட்டுமா?

கலிச்சா: கிண்டு, கிண்டு...

சல்கின்: என்னக்கா அப்படிப் பாக்கற?

கலிச்சா: ஒண்ணுமில்ல. சில்லுன்னு இருக்கா?

சல்கின்: ஆமா, ஆறின தண்ணிதானே.

கலிச்சா: ஆறின தண்ணிதான். ஆறின சாம்பல் தண்ணி.

சல்கின்: சாம்பல் தண்ணியா?

கலிச்சா: வேலியோரம் அறுத்துக் காயவச்சு எரிச்சோமே, அந்தக் களைச்செடிச் சாம்பல். நல்ல தோல்லயே ஊறல் எடுக்கும். வெடிச்ச கையில பட்டா ஆம்பிளைங்களே கூரைக்குக் குதிப்பாங்க.

சல்கின்: ஐயோ... எரியுதுக்கா! எரியுது!

கலிச்சா: இப்பத்தான் எரியுதா?

சல்கின்: கொஞ்சம் லேட்டா... உள்ள எரியறதாலே...

கலிச்சா: துணியை அவுரு.

சல்கின்: வேண்டாம்க்கா.

கலிச்சா: தண்ணியில கழுவணும்டி, பைத்தியம், அவுரு! ... ம். விரலை மடக்கு. நீட்டு. வெண்ணெய் மாதிரி இருக்கு. பிஞ்சுக் குழந்தை கை மாதிரி. எப்பருந்து?

சல்கின்: ஆடுங்க குட்டி போட ஆரம்பிச்சப்பவே.

கலிச்சா: இத்தனை நாளா துணியைச் சுத்திக்கிட்டு ரொட்டி மாவுகூடப் பிசையாம, உன் புருஷனைப் பிசைய விட்டு...

சல்கின்: அவர் ரொட்டி நல்லா வந்துச்சு.

கலிச்சா: சிரிக்காத. ஏன்டி?

சல்கின்: நான் ஊட்டினா அவங்க என்னைத்தானே பொண்ணோட அம்மான்னு கூப்பிடுவாங்க? முதல் தட்டு எனக்கு. முதல் சால்வை எனக்கு. நாளைக்குப் பேரன் பிறந்தா முதல் சேதி எனக்கு. நீ கதவோரமா தள்ளி நிப்ப. உன்னை எனக்குத் தெரியும்க்கா, யாரும் தள்ளாமலே நீயா தள்ளி நிப்ப.

கலிச்சா: பெத்தவ நீ. அது ஊருக்கே தெரியும். மீரிமுக்கும் தெரியும்.

சல்கின்: பெத்துத் தொப்புள்கொடி காயறதுக்குள்ள உன் மடியில போட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க முழிச்சது யாரு? அம்மை போட்டப்போ என்னமோ ஒரு தழையைக் காய்ச்சி உடம்பெல்லாம் ஒத்தி எடுத்தது யாரு? அவ என்னைச் சித்தின்னு கூப்பிடறா. நான் சித்தியாவே இருந்துட்டுப் போறேன். எனக்கு அதுல குறையில்ல.

கலிச்சா: எனக்குக் குறை இருக்கு. பிள்ளையில்லாதவன்னு மூணு கிராமம் பேசுச்சு. நீ ஒருத்திதான் பேசல. தூக்கிட்டு வந்து கொடுத்த. திரும்பிப் பாக்காமப் போன.

சல்கின்: திரும்பிப் பாத்திருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன்க்கா. அதான்.

கலிச்சா: போடி...

சல்கின்: அக்கா, அழாத. சோப்புல விழுந்தா உப்பு கரிக்கும்.

கலிச்சா: அழலடி. புகை.

சல்கின்: சரி, இப்படிப் பண்ணலாம். நீ வால்கொழுப்பு ஊட்டு. நான் ஈரல்.

கலிச்சா: ரெண்டு பேரு ஊட்டறது எங்கயாவது நடந்திருக்கா?

சல்கின்: நாளைக்கு நடக்கும். கேட்டா, எங்க வீட்டு வழக்கம்னு சொல்லு. யார் மறுக்கப் போறா? வாய் நிறையக் கொழுப்பு இருக்குமே.

கலிச்சா: பெரியப்பாவோட மீசையில நான் நல்லா அப்பி விடறேன்.

சல்கின்: அதுக்குத்தானே ஊட்டறதே!

கலிச்சா: கிண்டுடி, கிண்டு... பார், திரண்டு வருது. ஆறினதும் உருட்டணும். இப்பத்தான் நாலு கை இருக்கே.

சல்கின்: அக்கா... ஒண்ணு கேக்கட்டுமா? சாம்பல் தண்ணி... கை தவறித்தான் தெறிச்சுதா?

கலிச்சா: இத்தனை வருஷமா சோப்பு காய்ச்சறேன். என் கை தவறுமா?

சல்கின்: அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா? என் கை ஆறிடுச்சுன்னு?

கலிச்சா: தினம் தேய்க்கறது நான். எனக்குத் தெரியாமலா உன் கை ஆறும்? உனக்கு ஒரு வாரம் முன்னாடியே எனக்குத் தெரியும்.

சல்கின்: தெரிஞ்சும் ஏன்க்கா தினம் சாயங்காலம் கூப்பிட்டு உக்கார வச்சுத் தேய்ச்ச?

கலிச்சா: பிள்ளையைக் கொடுத்தியே, அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு வாயே வரலடி, இத்தனை வருஷமா. உன் கையைப் பிடிச்சுட்டு உக்காந்தப்போதான் சொல்ற மாதிரி இருந்துச்சு... ஆறிடுச்சுன்னு நானே சொன்னா நீ எழுந்து போயிருப்பியே.