அஷ்டமிக்குப் பொரித்த கத்திரிக்காய்

– இப்ப என்ன சொன்னே, சௌந்தரம்? திருப்பிச் சொல்லு.

– தப்பா ஒண்ணும் சொல்லலையே. உங்க கத்திரிக்காய் ரொம்ப ருசின்னு சொன்னேன். நாளைக்கு மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடி பேசப்போறேளே, அதையும் ஒரு வரி சேத்துக்கோங்கோன்னேன்.

– ருசியா இருந்துதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

– சாப்பிட்டேன், தெரியும்.

– எந்தக் கத்திரிக்காயை?

– இவர் ஏன் இப்படி முழிக்கறார்? ஹம்சி, உங்கப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வாடி.

– இரும்மா. அப்பாவோட ஸ்லைடெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திண்டிருக்கேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

– தண்ணி கிடக்கட்டும். மூணு வருஷம் முந்தி, துர்கா பூஜா லீவுல, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு பை வெச்சேனே, ஞாபகம் இருக்கா? இன்ஸ்டிட்யூட்ல கரெண்டை அணைச்சுப் பூட்டிண்டு போயிடுவான்னு ஆத்துக்கே கொண்டு வந்தேன். ஒண்ணு சாதாக் கத்திரிக்காய். சிவப்புச் சீட்டு ஒட்டினது ஜீன் மாத்தின கத்திரிக்காய். அதையா சொல்றே?

– சிவப்புச் சீட்டுதான். கோவிச்சுக்கப்படாது. அன்னிக்கு அஷ்டமி.

– அஷ்டமின்னா?

– அன்னிக்கு ஒரு நாள்தானே கீழ்வீட்டு பெங்காலிக்காரா, போஸ் குடும்பம், மீனைத் தொடமாட்டா? மத்த நாள்ல நம்மாத்துச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா, சுண்டலை வாங்கிண்டு நழுவிடுவா. அதான் வருஷா வருஷம் அஷ்டமிக்குக் கொலு பாக்க வரச்சொல்லி, அவா பூரி லூச்சியும், கத்திரிக்காயைப் பொரிச்ச பேகுன் பாஜாவும் போடறது. மாவு பிசைஞ்சாச்சு, எண்ணெயும் காஞ்சாச்சு. வெளில எட்டிப் பாத்தா பூஜைப் பந்தல் பாக்கற கூட்டம், ரோட்டைத் தாண்ட முடியலை. லேக் மார்க்கெட்டுக்கு எங்கேர்ந்து போறது? ஃப்ரிட்ஜைத் தொறந்தா, பளபளன்னு, ஒரு புழுக்குத்துகூட இல்லாம உக்காந்திருக்கு. என் கை சும்மா இருக்கலை.

– ஒரு பை முழுக்கவா?

– வந்தவாளுக்கெல்லாம் போட வேண்டாமா? போஸாத்து மாமி, அதான் பௌதி, அவளோட மாட்டுப்பொண் மிதாலி அப்ப முழுகாம இருந்தா. பாவம், கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

– மிதாலியுமா?

– ஏன், அவளுக்கு மட்டும் இல்லேன்னு சொல்றதா? அப்புறம் தசமி கழிஞ்சு, நீங்க பையை எடுத்துண்டு போறதுக்குள்ள, நானே லேக் மார்க்கெட்டுக்குப் போனேன். அதே நிறம், அதே பருமன், ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். பையில போட்டுச் சீட்டையும் ஒழுங்கா ஒட்டி வெச்சுட்டேன். உங்களுக்கே ஒரு வித்தியாசமும் தெரியலை பாருங்கோ!

– மா! நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?

– ஏண்டி நீ வேற கத்தறே? எடுத்ததுக்குப் பதில் வாங்கி வெச்சுட்டேனே.

– ஆரே பாபா, அந்தப் பையைத்தாம்மா அப்பா ஆராய்ச்சி பண்ணினார்! ஜீனை மாத்தினதுல காய்க்குள்ள புதுசா ஏதாவது விஷம் உண்டாகியிருக்கான்னு பாக்கறதுக்கு. ஒண்ணும் இல்லைன்னு ஜர்னல்ல பேப்பர் வந்தது. அதை நம்பித்தான் நாளைக்கு மீட்டிங்கே. அப்பா எழுந்து சரின்னு சொன்னா, வர சீசனுக்கு விதை கடைக்கு வந்துடும்.

– அப்போ...

– அப்போ அப்பா சோதிச்சது லேக் மார்க்கெட் கத்திரிக்காய். சோதிக்க வேண்டியதை நீ பேகுன் பாஜா பண்ணிட்டே.

– ஐயையோ! ஏன்னா, நிஜமாவா சொல்றா இவ?

– இத்தனை வருஷமா ஒரு கெமிஸ்டோட குடித்தனம் பண்றே. சீட்டு ஒட்டினதைத் தொடப்படாதுன்னு தெரியாதா உனக்கு? உனக்கு லூச்சிதான் பெரிசு. ஊரைக் கூட்டிச் சோறு போடணும், நாலு பேர் ஆஹான்னு சொல்லணும். ஆம்படையான் மானம் போனா என்ன, இருந்தா என்ன!

– அப்படிச் சொல்லாதேங்கோ. அடுப்புல எண்ணெய் காஞ்ச அவசரத்துல எனக்குப் புத்தி போயிடுத்து. வெக்கமா இருக்குன்னா. உங்க மூஞ்சியைப் பாக்க முடியலை. நீங்க ராப்பகலா உழைச்சதைக் கொண்டுபோய் வாணலியில போட்டுட்டேனே, பாவி.

– அழாதேம்மா.

– அழாம என்னடி பண்றது? அதுவும் மிதாலி! பிள்ளைத்தாச்சிக்கு நானே என் கையால பரிமாறினேன். அதுல ஏதாவது இருந்திருந்தா?

– விஷமெல்லாம் ஒண்ணும் கிடையாது.

– எப்படிச் சொல்றேள்?

– சோதிச்சுப் பாத்துட்டுத்தான்.

– எதைச் சோதிச்சுப் பாத்தேள்? லேக் மார்க்கெட்டதையா?

– வாய்க்கு வாய் பேசாதே. அவ குழந்தை மாடிப்படி ஏறி இறங்கி ஓடறதைத் தினம் பாக்கறியோல்லியோ? அப்புறம் என்ன?

– பாக்கறேன். இனிமே பாக்கறப்பல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். நான் ஒண்ணு பண்றேன். நாளைக்கு நானும் உங்களோட வரேன். தப்பு என்னோடது, இவர்மேல ஒரு பிழையும் இல்லைன்னு எழுந்து சொல்லிடறேன்.

– பைத்தியமா உனக்கு?

– எல்லாரும் சிரிப்பா. சிரிச்சுட்டுப் போகட்டும். பெரிய சயின்டிஸ்ட் ஆம்படையா ஆராய்ச்சியை எண்ணெயில பொரிச்சுத் தின்னுட்டான்னு பேசட்டும். உங்க பேருக்குக் கெடுதல் வராம இருந்தா எனக்கு அது போறும்.

– வேண்டாம். விட்டுடு.

– விட்டுடறதா?

– போனது போச்சு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை. இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். ஹம்சி, உனக்கும் சேத்துத்தான்.

– என்னன்னா இது? எண்ணெய்க் கையோட உங்க கண்ணாடியைத் தொட்டதுக்கு ரெண்டு நாள் பேசாம இருந்த மனுஷர் நீங்க. இத்தனை பெரிய தப்பு பண்ணியிருக்கேன், அதுக்குள்ள விட்டுடுங்கறேளே! எனக்கு மனசு ஆறலை.

– மெதுவாப் பேசு. கீழ காதுல விழப்போறது.

– விழுந்தா என்ன? அவாளுக்குத் தமிழா புரியப்போறது?

– சௌந்தரம், சொன்னாக் கேளு. ஒரு பையைப் பத்தி இத்தனை பேச்சு வேண்டாம். உள்ள போய்க் காப்பி போடு.

– பாபா, ஒரு நிமிஷம். கடைசி ஸ்லைட் வந்துடுத்து. அதாவது, உங்க பேப்பர்ல இருக்கற மூணாவது டேபிள்.

– அதுக்கென்ன? ஏத்து.

– இந்த டேபிளை எங்க ஜாதவ்பூர் யூனிவர்சிட்டி கிளாஸ்ல ஸார் போர்டுல எழுதி நடத்தினார். இது ஹம்சினியோட பாபா பண்ணின வேலைன்னு சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தா. எனக்குக் கர்வமா இருந்தது.

– சரி, அதை எதுக்கு இப்பச் சொல்றே?

– காய்க்குள்ள புழுவைக் கொல்றதுக்கு ஒரு புரோட்டீன் உண்டாகுமே, ஜீன் மாத்தின செடியில மட்டும்? அது சிவப்புச் சீட்டுப் பையில இருந்ததுன்னு போட்டிருக்கேள். சாதாப் பையில துளிக்கூட இல்லைன்னு போட்டிருக்கேள்.

– ஆமாம். அப்படித்தானே இருக்கணும்?

– இருக்கணும், சரி. இருந்துதா?

– இது என்ன கேள்வி?

– சிவப்புச் சீட்டுப் பையில அம்மா போட்டு வெச்சது மார்க்கெட் கத்திரிக்காய்ப்பா. அதுல அந்தப் புரோட்டீன் எங்கேர்ந்து வந்தது?

– மெஷின் சில சமயம் தப்பாக் காட்டும்.

– தப்பாக் காட்டற மெஷின், எந்தப் பையில இருக்கணுமோ அதுல மட்டும் இருக்குன்னு சரியாக் காட்டுமா?

– ஹம்சி, அப்பாகிட்டப் பேசற பேச்சா இது?

– நீங்க அம்மாவை நிக்கவெச்சுப் பேசினேளே, அது பேசற பேச்சா?

– என்னடி சொல்றே? எனக்கு ஒண்ணும் புரியலையே.

– நீ கண்ணைத் தொடைச்சுக்கோம்மா. நீ அழறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லை.

– இல்லாம என்ன? நான் பண்ணின காரியத்துக்கு இவர் தலையைக் குனிஞ்சுண்டு உக்காந்திருக்காரே, அதைப் பாக்கச் சகிக்கலை. ஏன்னா, நிமிந்து பாருங்கோ. நாளைக்கு நான் வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். உங்களை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டா.

– நீ வர வேண்டாம், சௌந்தரம். விதைக் கம்பெனிக்காரா அவசரப்படுத்திண்டே இருந்தா, டேபிளை நானா எழுதிக் குடுத்துட்டேன். லீவு முடிஞ்சு நான் அந்தப் பையைத் தொறக்கவே இல்லை.