இசக்கிதுரை அண்ணாச்சியை உறங்க வைத்தவருக்கு

சாரல் தவழும் தென்காசிச் சீமையில், அஞ்சிய நெஞ்சங்களின் அருகமர்ந்து, அச்சத்தை அதட்டாமல் ஆறக் கேட்ட மனநல ஆலோசகரே, பேரன்பிற்குரிய ஜாஹிரா பீவி அம்மையீர்! வணக்கம்!

பணி நிறைவுபெறும் தங்களைப் பாராட்ட வந்த இம்மடல் கொஞ்சம் சண்டையும் போடும். மருத்துவமனை நிர்வாகத்தார் முன்வரிசையிலேயே இருப்பது நல்லதாகப் போயிற்று. தங்களுக்குப் பின் ஆலோசகர் வேண்டாம், தங்கள் அறையில் நாளை முதல் மருந்துப் பெட்டிகளை அடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. சாகப்போகிறவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார்கள். என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறோம்.

குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கிதுரை அண்ணாச்சி, இதயம் தளர்ந்து எங்கள் வார்டுக்கு வந்தார். கண்ணை மூடினால் மறுபடி திறக்க மாட்டோம் என்ற பயம் அவருக்கு. கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே கிடந்தார். ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள் என்று நாங்கள் ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, பயம் கூடத்தான் செய்தது.

தாங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்தப் பயம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். தோளைக் காட்டினார். உடம்பு இறுகிப்போய் எண்ணெய் தேய்க்க வருகிறவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டீர்கள்.

"ஒடம்ப லேசா விடுங்கன்னு சொல்லுவேன் தாயி. ஊருக்கெல்லாம் சொல்லுதேன், எனக்கு விட முடியலியே."

"ஒங்க தோளுக்கும் அதயே சொல்லுங்க அண்ணாச்சி. பயம் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது."

காலில் தொடங்கிக் கழுத்துவரை ஒவ்வோர் இடமாக இறுக்கி, மூச்சோடு சேர்த்து விடவைத்தீர்கள். அலுக்காமல் நாள்தோறும் வந்தீர்கள். ஒரு மத்தியானம் அவர் குறட்டை விட, வார்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பயம் முழுக்கப் போய்விடவில்லை. அதை வைத்துக்கொண்டே உறங்கப் பழகினார். மனைவி முருகம்மாளைப் பக்கத்தில் அழைத்து, அதுவரை பேச அஞ்சியதையெல்லாம் பேசினார். அவர் பிழைக்கவில்லைதான். ஆனால் போகும்போது அவர் பிடித்திருந்தது முருகம்மாளின் கையை. அதற்கு எந்த மருந்துப் பெட்டி ஈடாகும்?

ஆகவே அவையறியச் சொல்கிறோம்: பெட்டிகளுக்கு வேறு இடம் பாருங்கள். அறைச் சாவியைத் தர மாட்டோம். புதிய ஆலோசகர் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை அம்மையாரிடம் கற்றுக்கொண்ட நாங்களே நோயாளிகளின் அருகில் முறைவைத்து உட்காருவோம்.

அம்மையீர்! நோயறியா உடலும் நிறைந்த நெஞ்சும் நெடிய ஆயுளும் பெற்று நீடு வாழ்க! நாளைக் காலை தாங்கள் வர வேண்டியதில்லை. ஐந்தாம் படுக்கைக்காரர் இன்னும் உறங்கவில்லை. அவர் பக்கத்தில் நாங்கள் இருப்போம்.

இங்ஙனம்,
சாவியை வைத்திருக்கும்
இதய நோய் வார்டு ஊழியர்கள்,
தென்காசி.