மூலைக்குழி

மத்தியானம் பன்னிரண்டு மணி. கரியாலூரைத் தாண்டி உள்ளே போகிற மலைச்சாலை. ஆள் இல்லை, வண்டி இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை...

"யோவ், பேய்க் கதன்னு கூப்ட்டு உக்கார வச்சிட்டு பட்டப்பகல்ல ஆரம்பிக்கிற?" என்றார் பக்கத்து டிராக்டர்காரர் காசிநாதன்.

கரும்பு லோடோடு சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் நின்றிருந்தோம். தை மாதப் பனி. எங்கள் டிராக்டர்கள் உள்ளே போவதற்குள் விடிந்துவிடும். காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்திச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்கு எதிரே அஜித். என்னோடு லோடு ஓட்டுகிற பையன். இது அவனுடைய தாய்மாமனுக்கு நடந்தது. சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டேன். நெருப்பைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான்.

"உச்சி வெயில்ல பேய் வராதுன்னு உனக்கு யாருண்ணே சொன்னது? வாய மூடிக்கினு கேளு."

அந்தச் சாலையில் தனியாக நடந்தவர் பெயர் சின்னதுரை. அஜித்தின் மாமன். மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்துக் கல்குவாரியில் வெடி வைக்கிறவர். முழுக்கு எடுத்துக் கிறிஸ்தவர் ஆனவர். வாரா வாரம் சனிக்கிழமை மலை பஸ் பிடித்து ஏறி, அங்கே நாலு வீட்டில் ஜெபம் பண்ணிவிட்டு, மறுநாள் இறங்குவார். நல்ல மனுஷன். அதையும் சொல்லிவிட வேண்டும். குடியை விட்டவர். பெண்டாட்டியை அடிக்கிறதை விட்டவர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர்.

ஆனால் கதை மலையில் ஆரம்பிக்கவில்லை. குவாரியில் ஆரம்பித்தது.

குவாரியில் கம்ப்ரசர் ஓட்டித் துளை போடுகிறவன் தமிழரசன். கறுப்புச் சட்டைக்காரன். சாமி கிடையாது, பூதம் கிடையாது, தாலிகூடக் கட்டாமல் மாலை மாற்றிக் கல்யாணம் பண்ணினவன். தமிழரசன் பாறையில் குழி போடுவான். சின்னதுரை அதில் வெடிமருந்தும், அதைக் கிளப்புகிற கேப்பும் இறக்குவார். சோற்று நேரத்தில் இரண்டு பேரும் ஒரே நிழலில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள்.

"செத்தவரு எழுந்து வந்தாருன்றியே, யாருண்ணே பாத்தது?"

"ஐநூறு பேருக்கு மேல பாத்தாங்கடா."

"அதுல ஒருத்தன் பேரு, ஆதார் நம்பரு சொல்லு. நானே போய் விசாரிச்சிக்கினு வரேன்."

குவாரியே சிரிக்கும். சின்னதுரையும் சிரிப்பார். ஆனால் விட மாட்டார். கள்ளக்குறிச்சியில் போதகர் நடத்தின வகுப்புக்கெல்லாம் போய், இவனிடம் சொல்வதற்கென்றே ஆதாரம் சேர்த்துக்கொண்டு வருவார்.

"பாத்தவங்கள அடிச்சாங்க, தலய வெட்னாங்க. ஒருத்தன்கூட மாத்திச் சொல்லலடா. பொய்க்காக எவனாச்சும் உசுர வுடுவானா?"

"ஏன், நம்மூர்ல தலைவனுக்காக மண்ணெண்ணெய ஊத்திக்கினு சாவல? அந்தத் தலைவன்லாம் சாமியா?"

"உன்ன மாதிரி ஒரு சீஷன் இருந்தான்டா. காயத்துல விரல வுட்டுப் பாத்தாதான் நம்புவேன்னான். அவனுக்கும் காட்டினாரு."

"பாத்தியா, அவந்தான் நம்ம ஆளு! எனக்கும் காட்டச் சொல்லு, நாளைக்கே தண்ணியில முங்கறேன்."

"பாக்காம நம்புறவன்தான்டா குடுத்து வச்சவன்."

தமிழரசன் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே சொல்வான்: "அண்ணே, குவாரியில பாக்காம நம்புறவன் பொணம்."

அது சும்மா பேச்சில்லை. வெடி போட்டதும் யாரும் பாறையிடம் போகக் கூடாது. புகை அடங்க வேண்டும். வெடி வைத்தவர் மட்டும் போய், ஒவ்வொரு குழியிடமும் குனிந்து, தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் விசில். ஒரு குழி வெடிக்காமல் இருந்துவிட்டால் மருந்து உள்ளேயே தூங்கும். அதன் மேல் துளை போடுகிற கம்பி பட்டால்... எழுந்துகொள்ளும்.

பங்குனி மாதம். ஒரு சனிக்கிழமை. வெடி போட்டாயிற்று. சாலையில் சிவப்புக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். முன்னால் நின்றது மலை பஸ். டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. அந்த பஸ்ஸை விட்டால் சின்னதுரைக்கு அன்றைக்கு மலை இல்லை. மேலே ஒரு வீட்டில் ஒரு குடும்பமே முழுக்குக்குத் தயாராகக் காத்திருந்தது.

புகை இன்னும் அடங்கவில்லை. சின்னதுரை விசிலை ஊதிவிட்டார்.

தமிழரசன் ஓடி வந்தான். "அண்ணே, மூலக்குழி போச்சா?"

"போச்சுடா."

"பாத்தியா?"

"சத்தம் கேட்டனே."

"கேட்டியா, பாத்தியா?"

சின்னதுரைக்குக் கோபம் வந்துவிட்டது. பைக்குள் வேதப்புத்தகத்தைத் திணித்துக்கொண்டே கத்தினார்: "எதையுமே பாத்தாதான் நம்புவியாடா? எத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்கேன்... ஒரே ஒரு நாளு என் வார்த்தைய நம்பேன்!"

தமிழரசன் அவரையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

"சரிண்ணே. இன்னிக்கி நம்புறேன். போய்ட்டு வா."

பஸ் வளைவு திரும்பும்போது சத்தம் கேட்டது. ஒழுங்காக வெடிக்கிற பாறை அடிவயிற்றிலிருந்து உறுமும். இது அப்படி இல்லை. ஓங்கி ஒரு அறை. பஸ்ஸில் இருந்த குழந்தை அழுதது. சின்னதுரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்... இறங்கவில்லை.

துளை போடுகிற கம்பி தமிழரசனின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போய் கம்ப்ரசர் வண்டியின் டயரில் குத்தி நின்றது. கன்னம் இருந்த இடத்தில் கடைவாய்ப் பல் தெரிந்தது. நெஞ்செல்லாம் கல் பாய்ந்து சல்லடை. இடது விலாவில் ஒரு ஓட்டை, விரல் நுழைகிற அகலம். அதிலிருந்து மட்டும் கொஞ்ச நேரம் புகை வந்துகொண்டிருந்ததாம். தூக்கினவர்கள் சொன்னது. பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டார்கள். அறுத்துப் பார்க்கவும் இல்லை. முதலாளி அதற்கெல்லாம் ஆள் வைத்திருந்தார்.

மறுநாள் சின்னதுரை இறங்கி வந்தார். தமிழரசன் பெண்டாட்டி செவ்வந்தி குவாரிக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஊர். முதலாளியின் ஆட்களும் நின்றார்கள்.

"அண்ணே, மூலக்குழி வெடிக்கவேயில்லன்றாங்க. நீ பாத்தியா?"

அவள் கேட்டது அவ்வளவுதான். அவர் கையில் வேதப்புத்தகம் இருந்தது.

"பாத்தேன் தங்கச்சி. என் கண்ணால பாத்தேன். வெடிச்சிதான் இருந்துச்சி. கொஞ்சம் மருந்து அடியில தங்கியிருந்திருக்கும்... பழைய குழியில துளைய வுடாதடான்னு சொன்னேன், கேக்கல."

ஊர் நம்பியது. சின்னதுரை பொய் சொல்லாதவர் ஆயிற்றே. செத்தவன் தன் திமிராலேயே செத்தான் என்று ஆகிவிட்டது. முதலாளி செவ்வந்தியையும் கைப்பிள்ளையையும் கொட்டகையை விட்டு விரட்டினார். அவள் போகிற இடமெல்லாம், புருஷனின் கொழுப்புக்குக் கிடைத்த கூலி என்று பேச்சு. கொஞ்ச நாள் குவாரியை மூடி வைத்தார்கள்.

சித்திரையில் ஓட்டு வந்தது. எல்லோரையும் போலச் சின்னதுரையும் போட்டார். அடுத்த நாள், குவாரி மூடியிருந்ததால், காலை பஸ்ஸிலேயே மலை ஏறினார்.

"இப்பதான் நடுமத்தியானமா?" என்றார் காசிநாதன். குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

ஆமாம். பஸ்ஸை விட்டு இறங்கித் தனியாக நடக்கிறார். தார் உருகி செருப்பில் ஒட்டுகிறது. ஒரு குருவி சத்தம் இல்லை. திடீரென்று... டட்டட்டட்டட்.

கம்ப்ரசர்.

நின்றார். சத்தமும் நின்றது. நடந்தார். டட்டட்டட்டட். அந்த மலையில் குவாரி கிடையாது. பிறகு நெடி. வெடி போட்டதும் மூக்கின் அடியில் ஏறுமே, அந்த மருந்து நெடி. சாலையோரத்து இலைகளில் வெள்ளையாகக் கல்மாவு படிந்திருந்தது. முன்னே போகப் போக மாவு ஜாஸ்தியானது. வளைவில் ஒரு கட்டைச்சுவர். அதன் மேல், முதுகைக் காட்டிக்கொண்டு, கறுப்புச் சட்டை.

"வாண்ணே."

திரும்பினான். பீடி பிடித்துக்கொண்டிருந்தான். இழுத்த புகை கன்னத்து ஓட்டை வழியாக வந்தது. நெஞ்சில் இருந்த ஒவ்வொரு ஓட்டையிலும் மெல்லியதாக, நூல் நூலாக வந்தது.

சின்னதுரை வேதப்புத்தகத்தை வலது கையில் உயர்த்திப் பிடித்தார். இயேசுவின் நாமத்தைச் சொல்லி விரட்டினார். தமிழரசன் பொறுமையாகக் கேட்டான். முடித்ததும் பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தான்.

"செத்தவன் எழுந்து வருவான்னு நீதானேண்ணே சொன்ன? வந்துட்டேன். நம்பேன்."

"நீ தமிழரசன் இல்ல. நான் நம்ப மாட்டேன்."

"பாத்தாதான் நம்புவியா?" இறங்கி வந்தான். கால் பட்ட இடத்தில் சல்லி நொறுங்குகிற சத்தம். "பாரேன். விரல வுட்டுப் பாரேன்."

சின்னதுரையின் இடது கையைப் பிடித்தான். பாறையில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது என்றார் அவர். வேதப்புத்தகத்தைப் போட்டுவிட்டு முகத்தில் குத்தினார். குத்தின கைமுட்டி அந்தப் பல்லில் பட்டுக் கிழிந்தது. உதைத்தார், கடித்தார். வாயெல்லாம் கல்மாவு. அவன் அசையவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்து எடுத்து, விலாவில் இருந்த ஓட்டைக்குள் நுழைத்தான்.

சூடு. அப்போதுதான் வெடித்த குழியின் சூடு. சதை இல்லை... பாறை. விரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடியில் குளிர்ச்சியாக, வழவழப்பாக ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. முப்பது வருஷம் தொட்ட விரல். தெரியாதா? வெடிக்காத கேப்பு.

தமிழரசன் காதோரம் குனிந்தான்.

"மூலக்குழிண்ணே. வெடிச்சிதா, வெடிக்கலியா? நல்லாப் பாத்துச் சொல்லு."

சின்னதுரை சொல்லவில்லை. விரலைப் பிடுங்கப் பார்த்தார். தமிழரசன் அவர் விரலை இன்னும் கொஞ்சம்... அழுத்தினான்.

வேட்டுச் சத்தம் மலை ஊர் வரைக்கும் கேட்டிருக்கிறது. பாப்பாத்தி என்று ஒரு பெண், மாடு மேய்த்துக்கொண்டிருந்தவள், ஓடி வந்து பார்த்தாள். சாலை நடுவில் கிடந்தார். முகத்திலும் கழுத்திலும் கல் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்கள். நீலச் சல்லி. அடிவாரக் குவாரிக் கல். அந்த மலைக் கல் வேறு நிறம். இடது ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. பக்கத்து விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை. போன விரலைச் சாலையில், புதரில், எல்லா இடத்திலும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"யோவ்," என்றார் காசிநாதன், "குவாரிக்காரன் பையில கேப்பு இல்லாம இருக்குமா? ஓடையில மீன் அடிக்க எடுத்துக்கினு போயிருப்பான். கையில வெடிச்சிருக்கும். பயத்துல ஒரு கதைய கட்டிக்கினான்."

"இருக்கலாம்ணே. போலீசும் அதத்தான் சொன்னாங்க."

ஆனால் சின்னதுரை மூன்றாம் நாள் வாய் திறந்தார். செவ்வந்தியைக் கூட்டி வரச் சொன்னார். வார்டில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"நம்புறேன்னு சொல்றது வேற, பாத்தேன்னு சொல்றது வேற தங்கச்சி. நான் பாக்கல. பாக்காமலே விசில ஊதிட்டேன். அவன் என்ன நம்பிதான் போனான்."

செவ்வந்தி கையில் தூக்குச்சட்டி இருந்தது. அதாலேயே கட்டுப் போட்ட கையில் அடித்தாள். கட்டு சிவக்கிற வரைக்கும் அடித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நர்ஸுகள் வந்துதான் அவளைப் பிடித்தார்கள்.

பிறகு கேஸ் ஆயிற்று. செவ்வந்தி விடவில்லை. தாசில்தார் வந்தார், டாக்டர் வந்தார். தமிழரசனைத் தோண்டி எடுத்துப் பார்க்க உத்தரவு ஆயிற்று...

நான் நிறுத்தினேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவரை கதை அவ்வளவுதான். காசிநாதன் பீடி பற்ற வைக்கக் குச்சி எடுத்தார். உரசவில்லை.

"தோண்டுனது நான்தான்," என்றான் அஜித்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம். இத்தனை நாளில் அவன் இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

"தோண்ட ஆளு வரலன்னு என்ன இறக்கி வுட்டாங்க. எல்லாம் அழுவிப் போயிருந்துச்சி. சட்டைய தூக்கனா கூடவே வருது. டாக்டரு விலாவுல இருந்த ஓட்டைக்குள்ள இடுக்கிய வுட்டாரு. எதுவோ மாட்டிக்கிச்சி. இழுத்தாரு, வரல. அப்புறம் வந்துச்சி. டப்பால போடுன்னு என் கையில குடுத்தாரு." சோகை ஒன்றை எடுத்து நெருப்பில் போட்டான். "அது மட்டும் அழுவலண்ணே. சூடா இருந்துச்சி."

"எதுடா?"

அஜித் இடது கையை நெருப்பு வெளிச்சத்தில் நீட்டி, ஆள்காட்டி விரலை மட்டும் தனியாக நிமிர்த்தினான்.

"இது. நகத்துல ஓட்டுப் போட்ட மை அப்பிடியே இருந்துச்சி."

காசிநாதன்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டா... தமிழரசன பொதச்சது எப்ப?"

"பங்குனியில," என்றான் அஜித். "ஓட்டு சித்திரையில."