அந்தப் பக்கத்து ஆழம்

ராத்திரி ஒண்ணே முக்கால் மணி. ஆத்தங்கரை ரோடு. ஒரு பக்கம் பூட்டின குடோனுங்க, இன்னொரு பக்கம் தண்ணி... நடுவுல ஒரு ஆள் தனியா நடந்து வர்றார். சிரிக்காதீங்கப்பா. யாராவது அந்தக் கதவைச் சாத்துங்க.

அவர் என் சிநேகிதனோட சித்தப்பா. சர்வேயர். இதெல்லாம் அவன் சித்தி வாயால சொன்னது. அந்தம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது... இப்ப அதுக்குத் தெம்பும் இல்ல.

அது எல்லையில இருக்கிற ஊர். ஒரு காலத்துல ஆத்துக்கு ரெண்டு கரையும் ஒரே ஊர்தான். இந்தக் கரையில பொண்ணு எடுப்பாங்க, அந்தக் கரையில பொண்ணு கொடுப்பாங்க. அப்புறம் ஒரு சண்டை, ஒரு சமாதானம். ஆத்தையே பார்க்காத நாலு பெரிய மனுஷங்க எங்கேயோ உக்காந்து, ஆறு எங்க ரொம்ப ஆழமோ அதுதான் எல்லைன்னு கையெழுத்துப் போட்டாங்க. பாலத்தோட நடுத்துண்டைக் கழட்டிட்டாங்க. ஆனா ஆத்துக்குப் படிக்கத் தெரியுமா? வெள்ளத்துக்கு வெள்ளம் ஆழம் இடம் மாறும். அதனால வருஷா வருஷம் படகுல போய் அளக்கணும். படகுக்காரன் கம்பை இறக்கி, "ஒம்பது... பதினொண்ணு..."ன்னு அடிக்கணக்கைக் கூவுவான். சர்வேயர் நோட்டுல எழுதிக்குவார்.

ஆத்து நடுவுல ஒரு திட்டு. முப்பது வீடு. சர்வேயரோட கூடப்பிறந்த அக்கா அங்கதான் வாழ்க்கைப்பட்டிருந்தா. தண்ணி ரெண்டாப் பிரிஞ்சு திட்டைச் சுத்திப் போகும். திட்டுக்கு அந்தப் பக்கம்தான் எப்பவும் ஆழம், எல்லையும் அங்கதான். அதனால திட்டு நம்மளது.

அந்த வருஷம் விடாத மழை. இந்தப் பக்கத்தை அளந்தார், பதினாலு அடி. அந்தப் பக்கம் ஒரே சுழல், படகு போகல. "வெள்ளத்துல மண்ணு விழுந்திருக்கும்... பன்னெண்டு போடு. மாத்தம்னு தெரிஞ்சா மேலதிகாரிங்க மறுபடி அளப்பாங்க"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டுக் குத்துமதிப்பா எழுதிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

யாரும் மறுபடி அளக்கல. நோட்டுப்படி இந்தப் பக்கம்தான் ஆழம், எல்லை இந்தப் பக்கம் வந்துடுச்சு. எதிர்ப்பக்கத்துக்காரன் வாயெல்லாம் பல்லாக் கையெழுத்துப் போட்டான். ஒரே மாசத்துல திட்டு அவனோடதாயிடுச்சு. நிலம்தான் வேணும் அவனுக்கு... ஜனங்க வேணாம்.

அக்கா தண்ணிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துவா. "ஏண்டா தம்பி, நாங்க இப்ப எந்த ஊர்க்காரங்கடா?"

"அடுத்த வருஷம் சரி பண்ணிடறேன்க்கா!"

ஒரு கடுதாசி போதும். நான் அளக்கலன்னு ஒரே வரி. "எழுதிப் போடுங்க, வேலை போனா கூலிக்குப் போலாம்"னு சித்தி தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. "எழுதறேண்டி, எழுதறேன்"னார். எழுதல.

அடுத்த வருஷத்துக்கு முன்னாடி வெள்ளம் வந்துடுச்சு. திட்டுல விளக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்க. எல்லை தாண்டினா சுடுவான்னு இந்தக் கரை நின்னுடுச்சு. அவங்க உங்க ஆளுங்கதானேன்னு அந்தக் கரை நின்னுடுச்சு. ரெண்டு கரையிலயும் படகு கட்டியே கிடந்தது. விடியறப்ப விளக்கும் இல்ல, வீடும் இல்ல.

தண்ணி வடிஞ்சு நாலாம் நாள் சர்வேயர் கடுதாசியை எழுதிக்கிட்டு அதிகாரி வீட்டுக்கே போனார். அந்த ஆள் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இனிமே யாருக்காகய்யா இது?"

எங்கெங்கேயோ சுத்திட்டு, அன்னிக்கு ராத்திரிதான் அந்த ரோட்டுல வர்றார்...

சளக்.

கம்பு தண்ணியில இறங்குற சத்தம். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், தூரத்துல, திட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து. "பதினேழு..."

சேத்து வாடை. நனைஞ்ச கோணி வாடை. கை தானாப் பையில போய் நோட்டை எடுத்துச்சு. எழுதினார். பழக்கம் பாருங்க.

சளக். "பத்தொம்பது..." கிட்ட வருது. கரையைத் தொட்டாச்சு, ஆறு முடிஞ்சாச்சு. ஆனா நிக்கல. ரோட்டுல ஏறுது. தார் ரோட்டுல கம்பு விழுந்தா டொக்குன்னுதானே கேக்கணும்? சளக். "இருபத்திமூணு..." அவர் நடந்தா அது நடக்குது. எழுதிக்கிட்டே தெருவுக்குள்ள திரும்பினார். சளக். "இருபத்தெட்டு..."

சித்தி கதவைத் திறந்தா, கேட்டுக்கு வெளிய நிக்கிறார். மூணடி தூரம். நான் இப்ப சொன்னதையெல்லாம் நின்ன இடத்துலயே பல்லு கிடுகிடுக்கச் சொன்னார்.

"சரி... உள்ள வாங்க முதல்ல."

"வர முடியாதுடி. இங்கதான் ரொம்ப ஆழம்."

"எங்கங்க?"

"உனக்கும் எனக்கும் நடுவுல."

சொல்லிட்டுத் திரும்பிட்டார். சித்தி அலறிக்கிட்டு, கேட்டுக்கு மேல கையை நீட்டி அவர் சட்டையைப் பிடிக்கப் பார்த்தாங்க. எட்டல. தெருவுல யாரும் இல்ல. நாலு நாளா மழையே இல்ல, விளக்கு வெளிச்சத்துல புழுதிதான் தெரிஞ்சுது.

கையை இழுத்துக்கிட்டாங்க.

தோள் வரைக்கும் நனைஞ்சிருந்தது... விரல் இடுக்குல ஆத்துச் சேறு.