ரூட்டருக்கு ஒரு பிஸ்கட் டின்

அந்த ரூட்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல சாமான். உள்ளே ஒரு சிம் கார்டு, முன்னால் நான்கு பச்சை விளக்கு. சொன்ன பேச்சைக் கேட்கும். எங்கள் வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கும் ஜீவன்கள் இரண்டு. ஒன்று அது. மற்றது நான் என்று என் மனைவி ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று, நீங்கள் போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு குரல் சொன்னது அம்மா. பதிவாகட்டும். நீங்களும் மரியாதையாகத்தான் கேட்டீர்கள். "சார், உங்க வீட்டுல சிக்னல் ஃபுல்லா காட்டுது. போன வருஷம் பூரா புகார் வந்திருக்கு, ஒண்ணுத்துக்கும் காரணம் போடல. என்ன பிரச்சனைன்னு சொன்னீங்கன்னா எல்லாத்தையும் மூடிடலாம்." சொல்கிறேன். பழைய புகார்களை நீங்கள் தாராளமாக மூடலாம். இன்றைக்குக் கொடுத்திருக்கும் புகாரை மட்டும் மூடாதீர்கள். அது ஒன்றுதான் உண்மையான புகார்.

நான் பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பொருளுக்குள் காற்றும் ஈரமும் புகாமல் மூடிவைப்பது எப்படி, இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். ஓய்வு பெற்ற அன்று கம்பெனி எனக்கு ஒரு பெரிய தகர டின் நிறைய பிஸ்கட் கொடுத்து அனுப்பியது. அதே வாரம் டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரையைக் கண்டுபிடித்தார். விதிக்கும் கொஞ்சம் நகைச்சுவை உண்டு.

என் மனைவிக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. கடை எரிந்தது, கார் இடித்தது என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களிடம் பேசி, நிஜமா புளுகா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரி. "பொய் சொல்றவங்க மூஞ்சிய மட்டும் கெட்டியா பிடிச்சு வெச்சுப்பாங்க. அதனால மூஞ்சியப் பாக்கவே கூடாது, சுத்தி இருக்கிறதப் பாக்கணும்" என்பாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அது என் பழக்கம்.

ஓய்வு பெற்ற புதிதில் பகல் பொழுது முழுக்க என் ராஜ்யம். அவள் அலுவலகம் போனதும் பனியனோடு சோபாவில் சாய்வேன். வானொலியோடு சேர்ந்து பாடுவேன். அலமாரி மேலிருக்கும் டின்னிலிருந்து அளவாக, அதாவது என் அளவுக்கு, பிஸ்கட் சாப்பிடுவேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

பிறகு அவள் அலுவலகம் இந்த ஊர்க் கிளையை மூடிவிட்டு, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. உங்கள் ரூட்டர் வந்தது. சாப்பாட்டு மேசை அலுவலகமானது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தோம். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சமையலறைக்குப் போகும் வழி அவள் கேமராவுக்கு முன்னால் இருந்தது.

"என்னங்க, பின்னாடி நீங்க தெரியுறீங்க."

"நான் இந்த வீட்லதானே இருக்கேன்?"

"இருங்க. தெரியாம இருங்க."

அன்றிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீருக்குக்கூட முழங்காலில் தவழ்ந்து போனேன். சொந்த வீட்டில் திருடன்போல் தவழ்கிற மனிதன், நாளாவட்டத்தில் திருடனாகவே ஆகிவிடுவதில் எனக்குத் தனிப்பட்ட ஆச்சரியம் கிடையாது.

முதல் தடவை நடந்தது விபத்து. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மதியம் அலமாரி அருகே நின்று பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. கையிலிருந்த டின்னை மறைக்க வேண்டும். மிச்சமிருந்ததை வாயில் போட்டுக்கொண்டு, காலி டின்னைப் பக்கத்து ஜன்னலில் இருந்த ரூட்டர் மேல் கவிழ்த்துவிட்டேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அடுத்த அறையில் "ஹலோ? ஹலோ, கேக்குதா?" என்றாள். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் போராடிவிட்டு எழுந்து வந்து, "சனியன் பிடிச்ச நெட்டு. வாங்க, டீ போடறேன்" என்றாள்.

இருவரும் பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்தோம். எதிர் வீட்டு மொட்டைமாடியில் காய்கிற துணிகளைப் பார்த்து, எது யாருடையது என்று பந்தயம் கட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. ஒரு தகர டின்னுக்கு இவ்வளவு சக்தி இருக்கிறதென்று கம்பெனியில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு அதை மருந்துபோல் பயன்படுத்தினேன். சாப்பாட்டுக்குப் பின் ஒரு வேளை. அவளுக்குக் கழுத்து வலி இருந்தது, கண் எரிச்சல் இருந்தது. இடைவேளை எடு என்றால் கேட்கிற பெண் இல்லை. ஆகவே அவளுக்கு ஓய்வு கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். எப்போதும் டின்னையே நம்பினால் சந்தேகம் வரும். சில நாள் சிம் கார்டை நகக்கண்ணளவு வெளியே இழுத்துவிடுவேன். சில நாள் ரூட்டரை ஜன்னலிலிருந்து எடுத்து இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தூசி தட்டினேன் என்பேன். ஒவ்வொரு முறையும் நானே முன்னின்று உங்கள் எண்ணுக்குப் புகார் கொடுத்தேன். கோபமாகக்கூடப் பேசியிருக்கிறேன். உங்களில் யார் மனமாவது புண்பட்டிருந்தால் அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பழுது பார்ப்பவர் ஏணியோடு வருவார், பாவம். வீடு முழுக்கச் சிக்னலை அளந்து, ரூட்டரை ஒவ்வொரு ஜன்னலாக வைத்துப் பார்ப்பார். நான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். ஒரு முறை ரூட்டரைக் கழற்றிவிட்டு வெகு நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உள்ள எறும்பு போயிருக்கு சார்."

"ஆச்சரியமா இருக்கே."

"தூள் தூளா என்னவோ கிடக்கு. பிஸ்கட் மாதிரி இருக்கு சார்."

"காலம் கெட்டுப்போச்சு தம்பி."

அவர் ரூட்டரைப் பார்த்தார். அலமாரி மேலிருந்த டின்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டின்னைத் திறந்து நீட்டினேன். புது பிஸ்கட் நிரப்பியிருந்தேன். இரண்டு எடுத்துக்கொண்டார்.

"தகரச் சாமான் எதையும் இது பக்கத்துல வைக்காதீங்க சார்" என்றார் மென்றபடி. "மேலயும் வைக்காதீங்க."

உள்ளேயிருந்து மனைவி, "என்னவாம்?" என்று கேட்டாள்.

"டவர்ல ஏதோ கோளாறாம்" என்றேன். அவர் மறுக்கவில்லை. வாய் நிறைய பிஸ்கட் இருக்கும்போது மனிதன் நல்லவனாகிவிடுகிறான்.

இனி அவளுடைய வீடியோ நேர்காணல். பிரிவுத் தலைவி பதவி இரண்டு முறை அவளைத் தாண்டி வேறு யாருக்கோ போனது. மூன்றாவது முறை அவள் பெயர்தான் முதலில் இருந்தது. ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிப் பார்த்தாள். பதவி கிடைத்தால் தனி அறை வேண்டும், ரகசியக் கோப்புகள் வரும், படுக்கையறையை எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தாள். சோபா அகலமாகத்தான் இருக்கிறது, உங்களுக்குப் போதும் என்றும் சொன்னாள். அதில் நான் கோபப்பட ஒன்றுமில்லை. சோபா உண்மையிலேயே அகலம்தான்.

அன்று காலை இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். அதெல்லாம் எங்களுக்குள் வழக்கமில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் அந்த ரூட்டரப் பாத்துக்கோங்க. உங்கள நம்பித்தான் உக்கார்றேன்."

பார்த்துக்கொண்டேன். முதல் கேள்விக்கு அழகாகப் பதில் சொன்னாள். இரண்டாவதற்கு இன்னும் அழகாக. கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது கேள்விக்கு அவள் வாயைத் திறந்தபோது டின்னைக் கவிழ்த்தேன். சத்தம் வரக்கூடாதென்று அடியில் துணி வைத்திருந்தேன். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவள் வாய் திறந்தபடியே நின்றுபோயிருக்கும். காத்திருந்திருப்பார்கள், பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

ரூட்டர் நின்றால் கைப்பேசி வழியாகப் பேச முயல்வாள் என்பதும் எனக்குத் தெரியும். முந்தின இரவே சார்ஜ் போடுகிறேன் என்று வாங்கி, செருகி வைத்தேன். சுவிட்சைப் போடவில்லை. அது மறதி என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.

பதவி வேறொருவருக்குப் போனது. அதோடு, வீட்டில் இணைப்பு சரியில்லாதவர்கள் அலுவலகத்துக்கே வந்து வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. இந்த ஊர்க் கிளைதான் மூடியாகிவிட்டதே. அடுத்த கிளைக்கு ரயிலில் அரை நாள் போக வேண்டும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொட்டலம் கட்டுகிறவனுக்குப் பெட்டி எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது.

அவள் அழவில்லை. அன்று மதியம் அலமாரி அருகே வந்து நின்றாள். டின் என் கையில் இருந்தது. ரூட்டரில் நான்கு விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, சுற்றியிருந்ததை எல்லாம் பார்த்தாள்.

"பிஸ்கட் சாப்பிடறீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு."

"சாப்பிடுங்க" என்றாள்.

சர்க்கரை வந்ததிலிருந்து என்னிடம் அந்த வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. எவ்வளவு பாசம் பாருங்கள். மறுநாள் இரண்டு பெட்டியோடு போய்விட்டாள்.

இப்போது வீடு முழுக்க என் ராஜ்யம். நிமிர்ந்தே நடக்கிறேன். சாப்பாட்டு மேசை காலியாக இருக்கிறது, ஆனாலும் தட்டை மடியில் வைத்தே சாப்பிடுகிறேன். டின்னில் பிஸ்கட் நமத்துப்போயிற்று. கம்பெனியில் இருந்த காலத்தில் இப்படி நடக்க விட்டதில்லை.

தினமும் சாயங்காலம் வீடியோ அழைப்பில் வருவாள். ஒரு நாளும் தவறியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இருமல் எப்படி இருக்கிறது, மாத்திரை போட்டீர்களா என்றெல்லாம் கேட்பாள். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். இதற்காகவே ரூட்டரை மெத்தென்ற துணி விரித்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு ஸ்பூனைக்கூட அண்டவிடுவதில்லை.

இன்றைய புகார் இதுதான் அம்மா. "எப்ப வர்ற?" என்று நான் கேட்கிறேன். உடனே அவள் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. உதட்டில் பாதிச் சிரிப்போடு சிலைபோல் நிற்கிறது. நான் பேச்சை மாற்றினால் மறுபடி ஓடுகிறது. ரூட்டர் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. படம் நின்றால் எல்லாமே நிற்க வேண்டும். இங்கே அவளுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரைச்சீலை ஆடுகிறது. நேற்று அவள் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. நின்றுபோன படம் கையைத் தூக்கி அதை ஓட்டிவிட்டு, மறுபடி நின்றுகொண்டது.

அந்த ஒரு நொடி மட்டும் சிக்னல் வந்து போயிருக்கிறது, வேறென்ன. என் பக்கம் நான்கு விளக்கும் பச்சைதான். ஆகவே கோளாறு அவள் இருக்கும் பக்கம். ஏணியோடு ஒருவரை அங்கே அனுப்பிவையுங்கள். அவள் ரூட்டர் மேல் யாராவது எதையாவது கவிழ்த்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில பேர் அப்படியெல்லாம் செய்வார்கள் அம்மா.