மாமியாருக்குப் புரிகிற கரண்டு

"என் மாமியாருக்குப் புரியணும்டி, அதான் பயமே," என்றாள் முன்சீட்டுப் பெண். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. நான் காதைக் கொடுத்தேன். நாளை அவளுடைய ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வாம்; யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாமாம். மாமியார் சொந்தபந்தத்தோடு வந்து உட்காரப் போகிறாராம்.

"அப்படி என்னதான்டி ஆராய்ச்சி?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"பிளாஸ்டிக் மாதிரி மெல்லிசான படலத்துல கரண்டு எப்படிப் போகுதுன்னு."

"எனக்கே புரியலையே!"

கண்டக்டர் பின்படியில் மாட்டிக்கொண்டிருந்தார். டிக்கெட்டுக்கு அவள் கொடுத்த நோட்டு கைமாறிக் கைமாறிப் போய், காதில் இயர்போன் மாட்டியிருந்த ஒருவர் கையிலேயே நின்றுவிட்டது. அவர் காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பின்னாடி குடுங்க!" என்று கத்தினாள் அவள்.

அவர் திடுக்கிட்டுக் கொடுத்தார். டிக்கெட் தலைகளுக்கு மேலாக வந்து சேர்ந்தது. அவள் சந்தோஷத்தில் எழுந்தேவிட்டாள்.

"இதான்டி! மூலக்கூறெல்லாம் வரிசையா நெருங்கி நின்னா கரண்டு இப்படித்தான் கைமாறிப் போகும். ஒண்ணு கோணலா நின்னா அதுகிட்டயே சிக்கிக்கும். மாமியாருக்கு இதையே சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லு," என்றாள் தோழி. "கோணலா நிக்கிறதைச் சொல்றப்ப மட்டும் அவங்க பக்கம் பார்த்துடாதே."